வாசகர் கேள்வி பதில்: 2 வீதப் பூர்வகுடி

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிற என் பெறாமகன், அக்காவின் மகன், மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறான். மரபணுச் சோதனையில் அமெரிக்கப் பூர்வகுடி 2 வீதம் என்று வந்ததாம். விண்ணப்பத்தில் பூர்வகுடி என்று போட்டால் இடம் கிடைப்பது சுலபம் என்கிறார்களாம் கூட்டாளிமார். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தலில் நாங்கள் இழந்தது கொஞ்சமா, இதில் என்ன பிழை என்று அக்கா கேட்கிறா. என்ன சொல்ல? (வாசகி, கோண்டாவில்)

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள் சகோதரி, இன்றைக்கே கோல் எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த 2 வீதத்தை முதலில் விடுங்கள். சோதனை செய்கிற நிறுவனம் எச்சிலைத் தன்னிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பீடு தருகிறது, அவ்வளவுதான்; மாதிரிகள் கூடினால் கணக்கு மாறும், இப்படியான சின்ன வீதங்கள் அடியோடு காணாமலும் போகும். சரி, உண்மையாகவே இருக்கட்டும், அப்போதும் அது காணாது. அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன் 2018இல் இப்படி ஒரு சோதனை முடிவை வெளியிட்டபோது அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களே அதை ஏற்கவில்லை, யார் எங்களவர் என்பதை மரபணு தீர்மானிக்காது என்றார்கள், பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார். கனடாவில் பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வழியில் வந்த மெட்டி மக்களின் உரிமை பற்றிய வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: தானே சொல்லிக்கொண்டால் போதாது, வம்சத் தொடர்பும் வேண்டும், அந்தச் சமூகம் தன் ஆள் என்று ஏற்கவும் வேண்டும்.

அக்காவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஒன்ராறியோவில் ஒரு தாய் தன் இரட்டைப் பெண் பிள்ளைகளை வட கனடாப் பூர்வகுடியான இனுயிட் பெண் ஒருவரிடமிருந்து தத்தெடுத்ததாகப் பொய் சொல்லிப் பதிவு செய்தார், அதைக் காட்டிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை இலட்சம் டொலருக்கு மேல் உதவித்தொகை வந்தது. 2024இல் அந்தத் தாய்க்கு 3 வருடச் சிறை. பிள்ளைகள் மேலிருந்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது, ஆனால் அவர்களின் பெயர் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அடிபட்டது.

ஆனால் பிடிபடுவான் என்று பயந்து அவன் விடக்கூடாது. அக்கா தரப்படுத்தலை இழுத்தாவே, அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1971இல் மருத்துவத்துக்குத் தமிழில் எழுதிய பிள்ளைக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு 229 போதும். 240 எடுத்தும் வீட்டில் இருந்த பிள்ளையின் வயிற்றெரிச்சல் யாழ்ப்பாணத்தில் இன்னும் ஆறவில்லை. அதைச் செய்தது இங்கத்தைய அரசு. கனடாப் பூர்வகுடிகள் எங்களுக்கு என்ன செய்தார்கள்? கனடா ஆட்சியாளர்கள் அவர்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி விடுதிப் பாடசாலைகளில் அடைத்தார்கள், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள், அப்படியான கடைசிப் பாடசாலை மூடியது 1990களில்தான். அந்த இடங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு. அதில் ஒன்றை எங்கள் பொடியன் எடுத்தால், 240 எடுத்த பிள்ளைக்கு நடந்தது அங்கே இன்னொரு பிள்ளைக்கு நடக்கும்.

அவனுக்குச் சொல்ல உண்மையான கதை இருக்கிறதே. போருக்குள் இருந்து வந்த தாய், வீட்டில் அம்மம்மாவுக்கு வைத்தியசாலையில் மொழிபெயர்த்துக் கொடுத்த பொடியன் என்றால் அதை எழுதட்டும்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மகளை உயர்தரத்துக்கு முல்லைத்தீவில் பதிந்தால் வெட்டுப்புள்ளி குறையும் என்கிறார்கள். செய்யலாமா? (ஒரு தந்தை, சுன்னாகம்)

பதில்: குடும்பத்தோடு அங்கே போய் இருந்து மகள் அங்கேயே படிக்கிறா என்றால் தாராளமாக. பதிவு மட்டும் அங்கே, ரியூசன் இங்கே என்றால் வேண்டாம் ஐயா. எங்கே, எத்தனை வருடம் படித்தா என்று பார்த்துத்தான் மாவட்டத்தை முடிவு செய்கிறார்கள். மாவட்ட ஒதுக்கீட்டில் இடங்கள் சனத்தொகையைப் பார்த்துப் பிரிக்கப்படுவதால் முல்லைத்தீவுக்கு மருத்துவத்தில் கிடைப்பதே சொற்பம். முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதற்காகப் படிக்கிறார்கள், மகளை இங்கேயே எழுதவிடுங்கள்.