மாத இதழுக்குக் குறைந்த செலவில் கட்டுரைகள் எங்கே வாங்கலாம்?

சின்னதாக ஒரு தமிழ் மாத இதழ் தொடங்கப்போகிறீர்கள், கையில் பெரிதாகப் பணமில்லை, மலிவாகக் கட்டுரைகள் எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 'வாங்கலாம்' என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. ஆயிரம் ரூபாய்க்கு இருபது கட்டுரை என்று மொத்த விலைக்குத் தருபவர்களிடம் மட்டும் போகாதீர்கள். பெரும்பாலும் ஏற்கெனவே இணையத்தில் கிடப்பதை வாக்கியம் மாற்றித் தருவார்கள், இல்லையென்றால் இயந்திரம் எழுதியதாக இருக்கும். ஆண்டும் பெயரும் தப்பாக அச்சேறினால் வாசகர் கடிதம் உங்களுக்குத்தான் வரும், அவர்களுக்கு வராது.

முதலில் எத்தனை சொல் வேண்டும் என்று பாருங்கள். டெமி 1/8 என்ற சாதாரணப் புத்தக அளவில் 48 பக்கம், அதாவது 16 பக்கம் சேர்ந்து ஒரே தாளில் அச்சாகும் ஃபாரம் மூன்று என்று வைத்துக்கொள்வோம். 11 பாயிண்ட் எழுத்தில் பக்கத்துக்கு ஏறக்குறைய 200 சொல்தான் கொள்ளும். ஆங்கில இதழைப் பார்த்து 350 என்று கணக்குப் போட்டால் கடைசி நேரத்தில் பாதிக் கட்டுரை வெளியே நிற்கும்; தமிழ்ச் சொல் நீளம். விளம்பரம், படம், பொருளடக்கம் எல்லாம் போக 36 பக்கம் எழுத்து என்றால் ஏழாயிரம் சொல் போதும். அதில் பாதியை முறையாகவே இலவசமாக நிரப்பலாம்.

எழுத்தாளரை ஏமாற்றச் சொல்லித் தருகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இலவசமாகக் கிடைப்பதை இலவசமாக எடுத்தால்தான் உயிரோடு இருக்கிற எழுத்தாளருக்குக் கொடுக்கக் கையில் காசு மிஞ்சும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். கல்கி 1954இல் மறைந்தார். 2014 முடிவோடு அவர் எழுத்து பொதுவுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே அரசு நாட்டுடைமை ஆக்கியது, அதாவது குடும்பத்துக்குப் பணம் கொடுத்து அவர் எழுத்தை யாரும் வெளியிடலாம் என்று ஆக்கியது, வேறு விஷயம். தி. ஜானகிராமன் மறைந்தது 1982. பழைய ஆள்தானே என்று குடும்பத்தைக் கேட்காமல் 2042 முடியும்வரை அவர் கதையைத் தொடாதீர்கள். நாட்டுடைமையில் 60 ஆண்டுக் காத்திருப்பு இல்லை என்பதால் அந்தப் பட்டியலைத் தனியாகப் பாருங்கள். 2020இல் மறைந்த தொ. பரமசிவனின் நூல்கள்கூட அதில் இருக்கின்றன. பண்பாட்டுக் கட்டுரை தேடும் இதழுக்கு அது புதையல். பல நாட்டுடைமை நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் தமிழ் விக்கிமூலத்திலும் கிடைக்கும்.

இங்கே வழுக்குகிற இடங்கள் இரண்டு. புதுமைப்பித்தன் கதை பொதுவுடைமை. ஆனால் அண்மைப் பதிப்பில் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடைய உரிமை. மூலத்தை மட்டும் எடுங்கள். மொழிபெயர்ப்பும் அப்படித்தான். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1904இல் போய்விட்டார் என்பதற்காக அவர் கதையின் தமிழாக்கத்தை அள்ளக் கூடாது, அதற்குத் தனி உரிமை உண்டு. கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துப் புதிதாகத் தமிழாக்குங்கள். அவர் 1946இல் மறைந்தார், இந்தியாவில் அந்த உரிமையும் முடிந்துவிட்டது.

எழுதியவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவற்றில் பின்னொட்டைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். 'என்சி' என்றிருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது. விலை போட்டு விற்கும் இதழுக்கு ஆகாது. 'என்டி' என்றால் சுருக்கவோ மொழிபெயர்க்கவோ கூடாது. இலவசத் தமிழ் மின்னூல் தளமான ஃப்ரீதமிழ்இபுக்ஸில் நூலுக்கு நூல் உரிமம் மாறும். சிறுவர் பக்கம் வைப்பதாக இருந்தால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் நல்ல இடம்: படத்தோடு தமிழ்க் கதைகள், எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் போட்டால் போதும். தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றும் மதுரைத் திட்டத்தில் எல்லாமே உரிமை தீர்ந்தவை அல்ல. ஆசிரியர் அனுமதியோடு ஏற்றியவையும் உண்டு.

மிச்சமிருக்கும் பாதிக்கு நேர்காணல்தான் சரி. உள்ளூர் நாட்டு வைத்தியர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தறிக்காரர் என்று ஆள் இல்லாத ஊரே கிடையாது. இருபது நிமிடப் பேச்சு ஏறக்குறைய இரண்டாயிரம் சொல் வரும். சுருக்கினால் எண்ணூறு, அதாவது நாலு பக்கம். கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு தமிழ் கேட்கும். ஒலிப்பதிவை நேரே ஓடவிட்டால் வட்டார வழக்கில் தடுமாறும். காதில் கேட்டு நீங்களே திரும்பச் சொல்லுங்கள், நன்றாக வரும்.

காசு கொடுத்து வாங்குவது மாதம் இரண்டு மூன்று கட்டுரை இருந்தால் போதும். ஐந்நூறு ரூபாய்தான் முடியும் என்றால் அதையும் முதலிலேயே சொல்லி, இதழ் வந்த வாரத்திலேயே அனுப்புங்கள். சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து எழுதுபவரின் கட்டுரை உரிமை அவருடையதே. எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு உதவாது. அச்சு இதழுக்கு மட்டுமா, இணையத்துக்கும் சேர்த்தா, பிறகு தொகுப்பு நூலாகப் போட்டால் என்ன கணக்கு என்று மூன்றும் அதில் இருக்கட்டும். முழு உரிமையையும் எழுதி வாங்குவதானால் கையெழுத்து வேண்டும்; காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்தாண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பேராசை ஐந்நூறு ரூபாய்க்கு நியாயமும் இல்லை.

திருட்டுக் கட்டுரையா என்று பார்க்க, வந்த கட்டுரையிலிருந்து ஏழெட்டுச் சொல் தொடராக இருக்கும் வரி மூன்றை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். முதல் பத்தியில் தேடிப் பயனில்லை; திருடுபவர் அதை மாற்றியிருப்பார். நடுவிலிருந்து எடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கணினியிலும் தமிழ் சரியாகத் தெரிய வைக்கும் யூனிகோடு முறை வந்து இத்தனை காலமாகியும் எழுத்தாளர்கள் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் தட்டி அனுப்புகிறார்கள். அதிலும் பிடிஎஃப் ஆக! என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடுக்கு மாற்றலாம், ஆனால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் குப்பையாகும். 'ஔவை' என்பதில் முதலெழுத்தை ஒகரம், ளகரம் என இரண்டாகத் தட்டுகிறவர்களுக்குத் தனி நரகமே வேண்டும், தேடினால் கிடைக்காது. இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் உட்கார்ந்திருக்கும் வடிவமைப்பாளர் யூனிகோடைத் திரும்பப் பழைய எழுத்துருவுக்கு மாற்றச் சொல்வார், பிழைதிருத்தம் மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பின் வந்த இன்டிசைன் என்றால் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்ற தேர்வைப் போட்டாரா என்று கேளுங்கள். போடாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும்.