சென் பட்டியலில் மகன் பெயர்: மதுரையிலிருந்து வந்த தங்கைக்கு

தங்கைக்கு,

மதுரையிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பன்னிரண்டு வயது மகனை இங்கிலாந்தில் எட்டாம் ஆண்டில் சேர்த்திருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். மகனை ‘சென்’ பட்டியலில், அதாவது சிறப்புக் கல்வித் தேவை உள்ள பிள்ளைகளின் பட்டியலில், சேர்க்கப் போவதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மதிப்பீட்டுக்குச் சம்மதம் கேட்டு ஒரு படிவமும் இருக்கிறது. “கையெழுத்துப் போடாதே, பையன் பெயர் கெட்டுவிடும், ஆங்கிலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று கணவர் சொல்கிறார். என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையெழுத்துப் போடுங்கள், அதோடு நிறைய பேசுங்கள். நான் பேசாமல் இருந்ததால் என் மகனுக்கு ஒரு வருடம் வீணாயிற்று. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பயம். இங்கிலாந்துப் பள்ளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை பதிவாகியிருக்கிறது. முப்பது பேர் வகுப்பில் சராசரியாக உங்கள் மகனோடு இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள். இந்தப் பதிவை வைத்து யாரையும் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிட முடியாது. 2014ஆம் ஆண்டின் சட்டப்படி, இ.எச்.சி.பி. என்ற தனித் திட்டம் (அதிக உதவி தேவைப்படும் பிள்ளைக்கு உள்ளூர் கவுன்சில் எழுதித் தருவது) இல்லாத பிள்ளை படிக்க வேண்டிய இடம் பொதுவாகச் சாதாரணப் பள்ளிதான். அந்தத் திட்டம் இருந்தாலும் சாதாரணப் பள்ளியே வேண்டும் என்று கேட்கிற உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. பொதுத் தேர்வுச் சான்றிதழிலும் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

விசாவைப் பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விசாவில் அரசின் பொது நிதியைப் பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அரசுப் பள்ளிக் கல்வி அந்தக் கணக்கில் வராது. பள்ளி தரும் உதவியும் இ.எச்.சி.பி.யும் கல்வியின் பகுதிதான், தைரியமாகக் கேட்கலாம். ஆனால் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குக் கிடைக்கும் டி.எல்.ஏ. என்ற உதவித்தொகை அந்தப் பொது நிதியில் வரும். யாராவது “அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்” என்று சொன்னால் அவசரப்படாதீர்கள், குடிவரவுச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அடுத்து கணவர் சொல்கிற ஆங்கில விஷயம். வீட்டில் வேறு மொழி பேசுவதை மட்டும் காரணமாக வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருப்பதாகக் கருதக் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அதனால் அவர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மதுரையில் நான்காம் வகுப்பிலேயே, ஒரு கதையை வாயால் அழகாகச் சொல்வான், எழுதச் சொன்னால் மூன்று வரிக்கு மேல் போகாது என்று எழுதியிருக்கிறீர்கள். புள்ளி வைக்க மறப்பான், கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுவான், ‘கொடி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘காடி’ என்று எழுதுவான் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். தாய்மொழியிலேயே இருந்த சிரமத்துக்கு ஆங்கிலம் எப்படிக் காரணமாகும்? இங்குள்ள ஆசிரியர்களுக்கு இது தெரிய வழியே இல்லை. மொழி புதிது என்று நினைத்து அவர்கள் இரண்டு வருடம் காத்திருக்கவும் கூடும், நீங்கள்தான் சொல்ல வேண்டும். பழைய தமிழ் நோட்டுகள் கொண்டு வந்திருந்தால் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் ஊரில் அம்மாவிடம் சொல்லி நான்கு பக்கம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த இடத்தில் என்ன தப்பு என்று நீங்களே பென்சிலால் குறித்துக் காட்டுங்கள். இங்கே எந்த நிபுணரும் எடுத்துத் தர முடியாத சான்று அது. தமிழில் பேசுவதை விட்டுவிட்டு வீட்டிலும் ஆங்கிலம் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அவனுக்கு நன்றாக வருகிற ஒன்று அதுதானே.

சரி, என் கதைக்கு வருகிறேன். நாங்கள் வந்தது 2013இல். மகன் அடுத்த ஆண்டு செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளியில் ஏழாம் ஆண்டு சேர்ந்தான். ஆரம்பப் பள்ளியில் ஒரே டீச்சர், ஒரே அறை. இங்கேயோ பாடத்துக்குப் பாடம் வேறு ஆசிரியர், வேறு அறை. மணி அடித்ததும் ஆயிரம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் நடைபாதைக்கு வருவார்கள். தினமும் மாலை மூன்றே முக்காலுக்கு வீட்டுக்குள் வந்ததும் பையை எறிந்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே செருப்பு வைக்கிற அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். பள்ளிக் கோட்டைக்கூடக் கழற்றமாட்டான். கதவை உள்ளிருந்தே இழுத்துச் சாத்திக்கொள்வான். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். டிபன் பெட்டி காலையில் கட்டிக் கொடுத்தபடியே திரும்பி வரும்.

பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர்கள் எல்லாரும் “ரொம்ப நல்ல பையன், அமைதியானவன், ஒரு குறையும் இல்லை” என்றார்கள். நான் தலையாட்டினேன், நன்றி சொன்னேன், வந்துவிட்டேன். வாத்தியார் சொன்னால் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அலமாரியைப் பற்றிச் சொல்வது வீட்டு ரகசியத்தை வெளியே சொல்வது போலப் பட்டது. பள்ளியில் நாள் முழுக்க அடக்கி வைத்ததைத்தான் பிள்ளை வீட்டில் வந்து கொட்டுகிறான் என்று எனக்கு அப்போது தெரியாது. எட்டாம் ஆண்டில்தான், வகுப்பில் உதவிக்கு இருக்கும் டி.ஏ. ஒருவர், அவன் சாப்பாட்டு அறைக்கே போவதில்லை, கழிவறையில் நிற்கிறான் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அன்று நான் அலமாரியைப் பற்றி வாய் திறந்தேன். ஆட்டிசம் என்று பெயர் தெரிய அதற்குப் பிறகும் வெகுநாள் ஆயிற்று.

ஆனால் பெயர் தெரிவதற்கு முன்பே உதவி தொடங்கிவிட்டது. இது உங்களுக்கு முக்கியம். நம் ஊரில் பத்தாம் வகுப்பில் சலுகை வாங்க மருத்துவச் சான்றிதழோடு அலைய வேண்டும். இங்கே பள்ளியின் உதவிக்குச் சான்றிதழ் தேவையில்லை, தேவை கண்ணுக்குத் தெரிந்தால் போதும். என் மகனுக்குக் கொடுத்தது ஒரு அட்டை. ஒவ்வொரு வகுப்பு முடியவும் ஐந்து நிமிடம் இருக்கும்போதே அதைக் காட்டிவிட்டு, கூட்டம் வருமுன் அடுத்த அறைக்குப் போய்விடலாம். மதியச் சாப்பாட்டை நூலகத்தை ஒட்டிய சின்ன அறையில் சாப்பிடலாம். இரண்டுக்கும் பள்ளிக்கு ஒரு காசு செலவில்லை. மூன்றாவது வாரம் டிபன் பெட்டி காலியாக வந்தது. அதைக் கழுவும்போது நான் அழுததை இன்னும் மறக்கவில்லை.

இனி பள்ளி எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன். ஒவ்வொரு சாதாரணப் பள்ளியிலும் சிறப்புக் கல்வி உதவிகளை ஒருங்கிணைக்க சென்கோ என்று ஒருவர் இருக்க வேண்டும், அவர் தகுதி பெற்ற ஆசிரியராக இருக்க வேண்டும் என்பது விதி. உங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டவர் அவராகத்தான் இருப்பார். சிரமம் என்னவென்று பார்ப்பது, திட்டமிடுவது, செய்வது, பலன் இருந்ததா என்று திரும்பப் பார்ப்பது என்று நான்கு படிகளைச் சொல்வார். பெற்றோரை வருடத்துக்கு மூன்று முறையாவது சந்திக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டியில் இருக்கிறது. அடுத்த சந்திப்பின் தேதியைக் கையோடு வாங்கிவிடுங்கள். “டி.ஏ. போட்டிருக்கிறோம்” என்றால் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். அந்த ஒருவர் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். உங்கள் மகன் எவ்வளவு முன்னேறுகிறான் என்பதற்குப் பொறுப்பு அந்தந்தப் பாட ஆசிரியருக்குத்தான்.

மேல்நிலைப் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள். எல்லாருக்கும் ஒரே விஷயம் போய்ச் சேர ஒரு பக்கக் குறிப்பு ஒன்று எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கு எது நன்றாக வரும், எது கஷ்டம், வகுப்பில் என்ன செய்தால் உதவும் என்று அவனையே கேட்டு எழுதுவது. உங்கள் மகனுக்கு நான் முதலில் கேட்பது, வீட்டுப்பாடத்தைப் பலகையிலிருந்து எழுத வைக்காதீர்கள், அச்சடித்தோ கணினியிலோ கொடுங்கள் என்பதுதான். கடைசி நிமிடத்தில் பலகையில் எழுதுவார்கள், அவன் பாதி எழுதுமுன் மணி அடிக்கும், மறுநாள் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று டிடென்ஷன், அதாவது வகுப்பு முடிந்தும் பள்ளியில் நிறுத்தி வைப்பார்கள். அது ஒழுங்கு கெட்டதால் வந்த தண்டனை அல்ல. அப்படி ஒன்று வந்தால் உடனே சென்கோவுக்கு எழுதுங்கள். ஊனம் உள்ள பிள்ளைக்கு நியாயமான மாற்றங்கள் செய்து தர வேண்டியது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி பள்ளியின் கடமை. எழுதப் படிக்க வருகிற சிரமமான டிஸ்லெக்சியாவும் அதில் வரலாம்.

பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வை இப்போதே மனதில் வையுங்கள். கூடுதல் நேரம் பெரும்பாலும் 25 சதவீதம், அதாவது இரண்டு மணி நேரத் தேர்வுக்கு இரண்டரை மணி. அதற்கான மதிப்பீட்டை ஒன்பதாம் ஆண்டு தொடங்குமுன் செய்ய முடியாது. ஆனால் அன்றாட வகுப்புத் தேர்வுகளிலும் அவனுக்கு அந்த உதவி தேவைப்பட்டது, கிடைத்தது என்று பள்ளி காட்ட வேண்டியிருக்கும். அதனால் இந்த வருடத் தேர்வுகளிலேயே கூடுதல் நேரம் கொடுத்துப் பாருங்கள், குறித்து வையுங்கள் என்று கேளுங்கள். பதினோராம் ஆண்டில் ஓடிப்போய்க் கேட்டவர்கள் சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இ.எச்.சி.பி. உங்களுக்கு இப்போது தேவைப்படாமல் போகலாம். ஒரு வருடம் பள்ளி உண்மையாக முயன்றும் போதவில்லை என்றால் யோசியுங்கள். பள்ளிதான் கேட்க வேண்டும் என்றில்லை, நீங்களே கவுன்சிலுக்கு எழுதலாம். ஆறு வாரத்தில் மதிப்பிடுவோமா இல்லையா என்று சொல்ல வேண்டும், மொத்தமும் 20 வாரத்தில் முடிய வேண்டும். நடைமுறையில் 2024இல் அந்தக் கெடுவுக்குள் வந்தவை பாதிகூட இல்லை. எங்களுக்கு முதலில் முடியாது என்றே கடிதம் வந்தது. ஒரு வாரம் தூங்கவில்லை. கடிதத் தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் கிடையாது, அதற்கு முன் சமரசப் பேச்சு பற்றிச் சான்று ஒன்று வாங்க வேண்டும். வாங்கினோம், போட்டோம். விசாரணைக்கு முன்பே கவுன்சில் இறங்கி வந்தது.

அதோடு முடியவில்லை. கவுன்சில் அனுப்பிய இ.எச்.சி.பி. வரைவில், உதவிகளை எழுதும் எஃப் பிரிவில், “ஸ்பீச் தெரபிஸ்டின் உதவியை அணுக வாய்ப்பு இருக்கும்” என்று இருந்தது. படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்த வரியை மாற்ற மூன்று கடிதம் எழுதினேன். கடைசியில் “வாரம் ஒரு முறை, 45 நிமிடம், தனியாக” என்று வந்தது. எத்தனை முறை, எவ்வளவு நேரம், யார் என்ற மூன்றும் இருந்தால்தான் நாளை நடக்கவில்லை என்றால் கேட்க முடியும். இப்போது உங்களுக்குக் கொடுக்கப் போகிற சாதாரணத் திட்டத்திலும் அதே கண்ணோடு படியுங்கள். ‘தேவைப்படும்போது உதவி’ என்று எழுதியிருந்தால் எப்போது, யார் என்று கேளுங்கள்.

தனியாகத் திண்டாட வேண்டாம். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் செண்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை உண்டு, கூட்டத்துக்குக் கூட வரவும் சில சமயம் ஆள் கிடைக்கும். சட்டக் கேள்விகளுக்கு ஐ.பி.எஸ்.இ.ஏ. என்ற அறக்கட்டளை. மாதிரிக் கடிதங்களை அவர்களிடமிருந்துதான் எடுத்தேன். இந்த முறையையே மாற்றப் போவதாக அரசு பேசிக்கொண்டிருக்கிறது, அதனால் எது செய்வதானாலும் அன்றைய விதியை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்துக்கோ வேல்ஸுக்கோ மாற்றலானால் அங்கே சட்டம் வேறு.

வியாழக்கிழமை கூட்டத்துக்கு முந்தின இரவு உங்களுக்கு நைட் டியூட்டி என்று எழுதியிருந்தீர்கள். தூக்கக் கலக்கத்தில் போகாதீர்கள், வேறு நாள் கேட்டால் கொடுப்பார்கள், கேட்பதில் தப்பில்லை. கணவரையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். அவருக்கு ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய பேச்சைத் தானே மொழிபெயர்ப்பது பிள்ளைக்குப் பெரிய பாரம். வீட்டில் நீங்கள் பார்ப்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, எந்த நாள் அழுதான், ஞாயிறு இரவு வயிற்றுவலி என்கிறானா, எல்லாம். கூட்டம் முடிந்த அன்றே சென்கோவுக்கு ஒரு மின்னஞ்சல்: இன்று பேசியது இது, நீங்கள் செய்வதாகச் சொன்னது இது, அடுத்த சந்திப்பு இந்தத் தேதி. ஐந்து வரி போதும். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் தமிழில் எனக்கு எழுதி அனுப்புங்கள், நான் மாற்றித் தருகிறேன்.