நுவரெலியாவிலிருந்து ஏப்ரலில் டியூலிப் பார்க்கப் போவதென்றால் எந்த வாரம் போக வேண்டும், எதைக் கொண்டுபோக வேண்டும்?

கேள்வி: சித்திரைப் புத்தாண்டு லீவில் குடும்பமாக நெதர்லாந்து போக நினைக்கிறோம். பிள்ளைகளும் அம்மாவும் வருகிறார்கள். அம்மாவுக்கு வீசிங் உண்டு. நுவரெலியாவிலும் ஏப்ரல் வசந்தகாலம்தானே, குளிரும் நமக்குப் பழக்கம்தானே, அங்கே அப்படி என்ன வித்தியாசம்? எந்த வாரம் போனால் பூ கிடைக்கும்? டியூலிப் கிழங்கு வாங்கி வந்து வீட்டில் நடலாமா?

பதில்:

வித்தியாசம் பெரியது. அது விளங்கினால்தான் டிக்கெட் தேதியைச் சரியாகப் போட முடியும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நுவரெலியாவில் நாம் வசந்தகாலம் என்று சொல்வது ஒரு சீசன். கீழ்நாட்டு வெக்கை தாங்காமல் வெள்ளைக்காரர்கள் 1,868 மீட்டர் உயரத்துக்கு ஏறி வந்த காலத்தின் தொடர்ச்சியாகத்தான் ஏப்ரல் மாதத்தில் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் நடக்கின்றன. செடிகொடிகள் கணக்குப் பார்ப்பது மழையை. ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலைப் பனி உருளைக்கிழங்கு இலையைக் கருக்கும். மார்ச் காய்ந்து கிடக்கும். ஏப்ரலில் பின்னேர இடிமழை நாலைந்து விழுந்ததும் தேயிலையில் கொழுந்து கொட்டும். பகல் நேரம் மட்டும் பெரிதாக மாறுவதே இல்லை. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் நமக்கு ஒரு மணித்தியால வித்தியாசம்கூடக் கிடையாது.

அங்கே கதை வேறு. ஆம்ஸ்டர்டாமில் டிசம்பர் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு, ஜூன் பகல் ஏறக்குறைய 17 மணித்தியாலம். ஏப்ரல் நடுவில் 14 மணித்தியாலத்தை நெருங்கிவிடும். இருட்டுக்கு முன் வீட்டுக்கு வந்து பழகியவர்களுக்கு இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருப்பது முதல் இரண்டு நாள் தலையைச் சுற்றும். பிள்ளைகள் தூங்க மறுப்பார்கள், திரைச்சீலையை நன்றாக இழுத்துவிடுங்கள்.

டியூலிப் கிழங்கை அங்கே ஒக்டோபர், நவம்பரில் மண்ணில் வைக்கிறார்கள். அதற்கு ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் தொடர்ந்து குளிர் வேண்டும். 9 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் நல்லது. கிழங்குக்குள் ஏற்கெனவே உருவாகியிருக்கும் பூ, அந்தக் குளிரைக் கடந்த பிறகுதான் தண்டை நீட்டி மேலே வரும். குளிர் முடிந்து மண் சூடேறும் வேகத்தைப் பொறுத்துப் பூக்கும் நாள் மாறும். பெப்ரவரி, மார்ச் இளஞ்சூடாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் முந்தும். மார்ச் குளிர்ந்தால் அந்த அளவுக்குப் பிந்தும். ஜனவரியில் டிக்கெட் போடும்போது இதை யாராலும் சொல்ல முடியாது. யாராவது உறுதியாகத் தேதி சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆகவே ஒரு நாளை நம்பாமல் ஒரு வரிசையை நம்புங்கள். மார்ச் கடைசியில் குரோக்கஸும் டாஃபோடிலும் வரும், அதை ஒட்டி செர்ரிப் பூ. ஆம்ஸ்டர்டாமுக்குத் தெற்கே ஆம்ஸ்டல்வீன் பக்கத்துக் காட்டுப் பூங்காவில் 400 செர்ரி மரங்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஏப்ரல் முதல் பாதியில் ஹயசிந்த். வயல் ஓரம் போனாலே வாசனை மூக்கை நிறைக்கும். டியூலிப்புக்கு ஏப்ரல் நடுவிலிருந்து மாதக் கடைசி வரை. மே தொடக்கத்தில் பிந்திய ரகங்கள்.

நீங்கள் சொல்கிற புத்தாண்டு லீவு இந்தக் கணக்குக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. என்னைக் கேட்டால் 15ஆம் தேதி வாக்கில் அங்கே இறங்கி 24, 25க்குள் திரும்புவது நல்லது. புத்தாண்டை வீட்டில் கொண்டாடிவிட்டுப் போகலாம். டியூலிப் முந்தினாலும் பிந்தினாலும் ஏதோ ஒரு பகுதி கையில் இருக்கும். ஏப்ரல் 27 அவர்களுடைய அரசர் தினம். ஆம்ஸ்டர்டாம் முழுக்க செம்மஞ்சள் உடுப்போடு நிரம்பும், ஹோட்டல் விலை ஏறும், ரயிலில் நிற்க இடம் இராது. அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த நாளில் நகரத்தில் இருக்க வேண்டாம்.

லிஸ் என்ற ஊரில் உள்ள கியூகென்ஹோஃப் தோட்டத்தைத்தான் எல்லோரும் தேடிப் போவார்கள். 32 ஹெக்டேயர், ஒவ்வொரு வருடமும் கையால் நடப்படும் 70 இலட்சம் அளவிலான கிழங்குகள். மார்ச் மூன்றாம் வாரம் அளவில் திறந்து மே நடுவோடு மூடிவிடுவார்கள், மற்ற மாதங்களில் போய்ப் பயனில்லை. அங்கே நடும் முறையைக் கவனியுங்கள். பல பாத்திகளில் பிந்திப் பூக்கும் டியூலிப் அடியில், முந்திப் பூப்பது அதற்கு மேல், குரோக்கஸ் எல்லாவற்றுக்கும் மேல் என்று ஒரே குழியில் அடுக்கடுக்காக வைக்கிறார்கள். ஒன்று வாட மற்றது எழும்பும். அதனால் வயலில் பூ முடிந்த வாரத்திலும் தோட்டத்தில் பூ இருக்கும். உள்ளரங்குகளில் முதல் நாளிலிருந்தே டியூலிப் உண்டு.

டிக்கெட்டை இணையத்தில், நுழையும் நேரத்தோடு சேர்த்து முன்கூட்டியே வாங்க வேண்டும். காலை 8 மணிக்குத் திறக்கும். இங்கிருந்து போகிறவர்களுக்கு முதல் நாட்களில் விடியற்காலை மூன்று, நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும், ஏனென்றால் கோடைநேரக் கணக்கில் அவர்கள் நமக்கு மூன்றரை மணித்தியாலம் பிந்தி. அதைச் சாதகமாக்கிக்கொண்டு இரண்டாம் நாளே முதல் நேரத்துக்குப் போங்கள். பத்தரைக்குப் பிறகு பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கும். ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்தும் லைடனிலிருந்தும் நேரடி பஸ் இருக்கிறது. நுழைவும் பஸ்ஸும் சேர்ந்த டிக்கெட்டாகவே எடுத்துவிடுங்கள்.

வயல்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், பலர் ஏமாந்து போவது இதில்தான். அந்த விவசாயி பூவுக்காகப் பயிரிடவில்லை, கிழங்குக்காகப் பயிரிடுகிறார். பூ முழுதாக விரிந்து, நோய் பிடித்த செடிகளைப் பார்த்துப் பிடுங்கிய பிறகு, இயந்திரத்தை ஓட்டித் தலைகளை வெட்டிவிடுவார். விதைக்குப் போகிற சத்து கிழங்குக்கு இறங்க வேண்டும் என்பதுதான் காரணம். நேற்றுச் சிவப்பாக இருந்த வயல் இன்று வெறும் பச்சையாக நிற்கும். தேயிலைச் செடிகளைக் கத்தரித்து கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது உடனே விளங்கும். ஆகவே வழியில் நல்ல வயலைக் கண்டால் "திரும்பும்போது பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். அதே நேரம் வரிசைக்குள் இறங்கவும் கூடாது. சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு நோய் ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், மிதிபட்ட செடியின் கிழங்கும் பெருக்காது. படம் எடுக்கப் பாதையோரமே போதும். ஹார்லெமுக்கும் லைடனுக்கும் நடுவில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

லைடனுக்கு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். 1590இல் தொடங்கிய பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் அங்கே இருக்கிறது. குளூசியஸ் என்ற தாவரவியலாளர் அந்த நாட்டு மண்ணில் டியூலிப்பைப் பூக்க வைத்தது அங்கேதான், 1594இல். அதே தோட்டத்துக்குப் பின்னால் பொறுப்பாக இருந்த பவுல் ஹெர்மன், 1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்து நம் செடிகளைச் சேகரித்துப் போனவர். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கூட்டிப் போனால் அவர்கள் பார்க்கும் விதமே மாறும்.

இனிக் குளிர். நுவரெலியா ஏப்ரலில் பகல் 22 பாகை அளவு, இரவு 11, 12. ஆம்ஸ்டர்டாமில் பகல் 13, இரவு 4, 5. எண்ணைவிடக் காற்றுதான் பிரச்சினை. நம் குளிர் மலைக்கு நடுவே தேங்கி நிற்கும் ஈரக் குளிர். அங்கே தட்டையான நிலம், கடல் காற்று தடையில்லாமல் வரும். நாம் போடுகிற மொத்தக் கம்பளி ஜெர்சிக்குள் அந்தக் காற்று ஊசி மாதிரி இறங்கும். இன்னொரு சங்கதி, நம் வீடுகளில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர், அதனால் ஒரே ஜெர்சியோடு நாள் முழுக்க இருக்கிறோம். அங்கே கட்டடத்துக்குள் 20 பாகை. ஒரு தடித்த உடுப்பை மட்டும் நம்பினால் உள்ளே வியர்த்து, வெளியே வந்ததும் அந்த வியர்வையே குளிரும்.

உள்ளே உடம்போடு ஒட்டிய மெல்லிய நீளக்கை பனியன், அதன் மேல் மெல்லிய ஜெர்சி, எல்லாவற்றுக்கும் மேல் தொப்பியோடு கூடிய, காற்றும் தண்ணீரும் புகாத ஜக்கெட். மூன்றும் கழற்றிப் போட வசதியாக இருக்க வேண்டும். குடையை நம்பாதீர்கள், காற்றில் மடங்கிவிடும். காதை மூடும் குல்லாவும் மெல்லிய கையுறையும் அம்மாவுக்குக் கட்டாயம். சாரி உடுத்துவார் என்றால் உள்ளே இறுக்கமான கம்பளிக் காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் வேண்டும். சப்பாத்து புதிதாக இருக்கக் கூடாது, ஒரு மாதமாவது இங்கே போட்டு நடந்து பழக்குங்கள்.

அம்மாவின் வீசிங் பற்றி யோசித்தீர்களே, நல்லது. ஏப்ரலில் அங்கே பேர்ச் மரங்களின் மகரந்தம் காற்றில் நிறையப் பறக்கும். நம் மலையில் இல்லாத மகரந்தம் என்பதால் உடம்பு எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது போனால்தான் தெரியும். புறப்பட ஒரு மாதத்துக்கு முன் வைத்தியரைப் பாருங்கள். இன்ஹேலர் இரண்டு, ஒவ்வாமை மாத்திரை, ஆங்கிலத்தில் மருந்துச் சீட்டு, எல்லாம் கைப்பையில். ஒன்றைக்கூடப் பெரிய சூட்கேஸில் போடாதீர்கள், பெட்டி தாமதமானால் சிக்கல். காய்ந்த, காற்று அடிக்கிற பகலில் அவருக்கு மூச்சு இறுகினால் வயலை விட்டுவிட்டு மழை பெய்து முடிந்த நேரத்தில் கூட்டிப் போங்கள், மகரந்தம் அடங்கியிருக்கும்.

விசாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். ஏப்ரலுக்கு என்றால் ஜனவரியிலேயே கொழும்பில் நேரம் எடுத்துவிடுங்கள். அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. 12 வயதுக்குக் கீழே கைரேகை கேட்க மாட்டார்கள். மலையகத்தில் அடிக்கடி இடறுவது பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக் கூட்டல், அடையாள அட்டையில் ஒன்று, வங்கிக் கணக்கில் இன்னொன்று. எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஆங்கில எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்தவோ சத்தியக் கடதாசி முடிக்கவோ வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். தமிழ், சிங்களச் சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு வேண்டும்.

பெட்டியில் சாப்பாடு கட்டும்போது கவனம். இறைச்சி, நெய், தயிர், பால்மா எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகாது. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள், சும்மா கொண்டுபோனால் பறிமுதல்தான். சான்றிதழ் தேவையில்லாத பழங்கள் அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியான் ஐந்து மட்டும். தேயிலை, அரைத்த கறித்தூள், மாசி, கருவாடு தாராளமாகக் கொண்டுபோகலாம், மீன் வகைக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி.

வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துகொள்ளுங்கள். அங்கே பஸ், ரயிலில் அட்டையைத் தட்டி ஏறி, தட்டி இறங்க வேண்டும். ஒரு அட்டையில் ஒருவர்தான் போகலாம், குடும்பத்துக்கே ஒன்று என்பது நடக்காது. இறங்கும்போது தட்ட மறந்தால் கூடுதலாகப் பணம் வெட்டுவார்கள். நம் மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது, இரண்டு உருண்டை முனை அடாப்டர் வேண்டும்.

புத்தாண்டையொட்டி நுவரெலியாப் பாதைகள் வாகனத்தால் அடைந்து கிடக்கும், 13, 14இல் பஸ்ஸும் குறைவு. பின்னேரத்து மூடுபனியும் மழையும் சேர்ந்தால் ரம்பொடை இறக்கத்தில் மணிக்கணக்கில் நிற்க நேரும். விமானத்துக்கு முதல் நாள் காலையே இறங்கி நீர்கொழும்பு பக்கம் தங்குவது செலவானாலும் நல்லது. வீட்டைப் பூட்டுமுன் கூரைப் பீலியில் இலை அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். டிவி, ரவுட்டர் பிளக்குகளையும் கழற்றுங்கள், ஏப்ரல் மின்னல் பொல்லாதது.

கடைசியாகக் கிழங்கு. கொண்டு வர வேண்டாம். தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி முன்அனுமதியும் அந்த நாட்டுச் சான்றிதழும் இல்லாமல் கட்டுநாயக்கவில் எடுத்துவிடுவார்கள், அதுவும் நியாயமே. உருளைக்கிழங்கு, லீக்ஸ் விளைகிற ஊருக்குப் புது நோய் வந்தால் பாதிப்பு நமக்குத்தான். அனுமதியோடு கொண்டுவந்தாலும் நுவரெலியாவின் வருட சராசரி 16 பாகை, சில இரவுப் பனி 12 வாரக் குளிருக்கு ஈடாகாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நட்டால் ஒருமுறை பூக்கலாம், அடுத்த வருடம் இலை மட்டும் வரும். கிழங்குவகைப் பூதான் ஆசை என்றால் அகபாந்தஸ், ஆரம் லில்லி, டாலியா, கிளாடியோலஸ் நம் மலையில் குளிர் கேட்காமல் பூக்கும். மே மாத மழைக்கு முன் இங்குள்ள நாற்றுமேடையில் வாங்கி, தண்ணீர் தேங்காத உயரப் பாத்தியில் நடுங்கள்.