மூன்று நிமிடக் குளிருக்கு ஏன் இத்தனை விலை? 40 தடவை பேக்கேஜ் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 38 வயது. உட்கார்ந்தே செய்யும் வேலை. ஒரு வருடமாக வார இறுதியில் மட்டும் நீண்ட தூரம் ஓடுகிறேன். மறுநாள் கால் முழுக்க வலி, அது போக வலது முழங்காலில் இரண்டு மாதமாகத் தனியாக ஒரு வலி. குளிர் சிகிச்சை எடுத்துப் பார் என்று கூட ஓடுகிறவர்கள் சொன்னதால் மூன்று இடங்களில் விசாரித்தேன். விலை தலை சுற்ற வைக்கிறது. மூன்றிலும் அதிகம் கேட்கும் இடத்தில் 40 தடவைக்கான பேக்கேஜை 45 சதவீதம் தள்ளுபடியில் தருகிறார்கள், 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், 12 மாதம் வட்டியில்லா இ.எம்.ஐ. உண்டு, மொத்தமாகக் கட்டினால் இன்னும் 8 சதவீதம் குறைவு. ஞாயிறு வரைதான் இந்தச் சலுகை என்றதால் ஒரு சிறு முன்பணமும் கொடுத்துவிட்டேன். கிரெடிட் கார்டில் பாக்கி இருக்கிறது, சேமிப்பு ஒரு மாதச் செலவுக்குக் கூட வராது, வேலை விஷயமாக மாதத்தில் ஒரு வாரம் வெளியூரில் இருப்பேன். எடுக்கலாமா? ஒரே குளிருக்கு ஏன் இடத்துக்கு இடம் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: வணக்கம். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். அந்த பேக்கேஜை எடுக்காதீர்கள். குளிர் சிகிச்சையே வீண் என்று நான் சொல்லவில்லை. ஓடி முடித்த பிறகு குளிர்ந்த தண்ணீரில் உட்கார்ந்து எழுந்தால் உடம்புக்கு நன்றாக இருக்கிறது என்றால் அதற்குக் கொஞ்சம் செலவழிப்பதில் தப்பே இல்லை. ஆனால் கார்டில் பாக்கியை வைத்துக்கொண்டு, கையிருப்பும் இல்லாமல், இன்னும் எடுக்காத 40 தடவைக்கு இன்றைக்கே கடனாளி ஆவது வேறு விஷயம்.

நீங்கள் எழுதியிருந்த தொகைகளை விகிதமாக மாற்றிக்கொண்டேன், எந்த நாட்டுப் பணத்தில் யோசித்தாலும் கணக்கு ஒன்றுதான். மின்சாரத்தால் குளிரூட்டும் க்ரையோ (கடுங்குளிர்) அறையில் ஒரு தடவைக்கு 100 என்றால், நைட்ரஜன் இயந்திரம் இருக்கும் இடத்தில் 60, ஐஸ் தொட்டி இருக்கும் இடத்தில் 20.

இந்த மூன்று இடங்களும் ஒரே பொருளை விற்கவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஐஸ் தொட்டி என்பது 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருவது. அவர்களுக்கு ஆகும் செலவு தொட்டி, தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர், வடிகட்டி, சுத்தம் செய்ய ஓர் ஆள், அவ்வளவுதான். ஒரே தொட்டித் தண்ணீரைச் சுத்திகரித்துப் பலருக்குப் பயன்படுத்தலாம், ஒரே நேரத்தில் நாலு தொட்டியில் நாலு பேரை உட்கார வைக்கலாம். அதனால் 20-க்குக் கட்டுப்படியாகிறது.

நைட்ரஜன் இயந்திரம் என்பது தலை மட்டும் வெளியே தெரிய, உருளை மாதிரி ஒரு பெட்டிக்குள் நிற்பது. மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஆவியாக்கி உள்ளே விடுவார்கள், அதிகபட்சம் மூன்று நிமிடம். மின்சார அறையோடு ஒப்பிட்டால் இந்த இயந்திரத்தின் விலை குறைவு, ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் நைட்ரஜன் செலவாகிறது, அதோடு யாருமே வராத நாளிலும் கலனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருகிற இடத்துக்கும் ஐந்து பேர் வருகிற இடத்துக்கும் ஒரே இயந்திரத்தில் அடக்க விலை வேறாக இருப்பது இதனால்தான். எரிவாயு நிறுவனம் எவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்து நிரப்புகிறது என்பதும் விலையில் சேரும்.

இதில் ஒரு செலவை மட்டும் மையம் மிச்சப்படுத்தக் கூடாது, நீங்களும் அதில் பேரம் பேசக் கூடாது. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாக விரியும், விரிந்து அறையிலிருக்கும் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். அதனால் காற்றோட்டம், ஆக்சிஜன் அளவு குறைந்தால் கத்துகிற கருவி, நீங்கள் உள்ளே நிற்கும்வரை கண்ணெடுக்காமல் பார்க்க ஓர் ஆள், இந்த மூன்றும் இருந்தே ஆக வேண்டும். 2015 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இப்படியொரு மையத்தில் வேலை பார்த்த இளம்பெண், மையம் மூடிய பிறகு தனியாக இயந்திரத்துக்குள் போய் ஆக்சிஜன் குறைவால் இறந்துபோனார். நைட்ரஜன் இயந்திரத்துக்கு யாராவது மிக மலிவாக விலை சொன்னால், இந்த மூன்றில் எதைக் குறைத்தார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

மூன்றாவது, நீங்கள் முன்பணம் கொடுத்த மின்சார அறை. இதில் நைட்ரஜன் ஆவியை உள்ளே விடுவதில்லை, குளிரூட்டிய சாதாரணக் காற்றுதான், தலையோடு முழு உடம்பும் உள்ளே போகும், அறை மைனஸ் 110 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் ஆகும் செலவு குறைவு. ஆனால் இயந்திரத்தின் விலை நைட்ரஜன் இயந்திரத்தைப் போலப் பல மடங்கு, இடம் அதிகம் வேண்டும், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வேலை நேரம் முழுக்க அறையைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். அதாவது அவர்கள் செலவில் பெரும்பகுதி, வாடிக்கையாளர் யாரும் வராவிட்டாலும் மாதாமாதம் கட்டியே தீர வேண்டிய செலவு. அப்படிப்பட்ட தொழிலில் மூன்று நிமிடக் குளிரைச் சில்லறையாக விற்பதை விட 40 தடவைக்கான பணத்தை மொத்தமாகக் கையில் வாங்குவதுதான் அவர்களுக்கு முக்கியம். இது ஏமாற்று வேலை இல்லை, அந்தத் தொழிலின் கணக்கு அப்படி. ஆனால் அந்தக் கணக்கை உங்கள் கடனில் சரிசெய்ய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

ஒரே வகை இயந்திரம் வைத்திருக்கிற இரண்டு இடங்களுக்குள்ளேயே விலை மாறுவதற்கு வாடகை, ஆள் சம்பளம், விபத்துக் காப்பீடு, உள் அலங்காரம் என்று வழக்கமான காரணங்கள்தான். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் விலை குறைப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

சரி, விலை கூடினால் பலனும் கூடுமா? மைனஸ் 110 என்று கேட்டதும் 10 டிகிரித் தண்ணீர் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் தண்ணீர், காற்றைப் போலச் சுமார் 25 மடங்கு வேகத்தில் உடம்பின் சூட்டை இழுக்கும். மூன்று நிமிடக் குளிர்காற்று தோலைத்தான் சட்டென்று சில்லிட வைக்கிறது, தசைக்குள் ஆழமாகப் போக அதற்கு நேரம் போதாது. ஜப்பானில் தோஷிமா யமாவுச்சி என்ற மருத்துவர் 1978-ல் இந்தக் கடுங்குளிர் முறையை ஆரம்பித்ததே முடக்கு வாத நோயாளிகளுக்காக, ஓடுகிறவர்களுக்காக அல்ல. உடற்பயிற்சிக்குப் பிறகான தசை வலிக்கு இது உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற கோக்ரேன் அமைப்பு 2015-ல் ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்தது வெறும் 4 ஆய்வுகள், எல்லாம் சேர்த்து 64 பேர், உதவுகிறது என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் எழுதினார்கள். அதே அமைப்பு குளிர்ந்த நீரில் அமர்வதைப் பற்றி 2012-ல் பார்த்தபோது 17 சிறிய ஆய்வுகள், 366 பேர், சும்மா ஓய்வெடுப்பதை விடத் தசை வலி குறைகிறது என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருந்தது. இருக்கிற கொஞ்ச ஆதாரமும் நீங்கள் விசாரித்ததில் மிக மலிவான இடத்தின் பக்கம்தான் நிற்கிறது. முழு உடல் குளிர் இயந்திரம் எதையும் நோய்க்கான சிகிச்சைக் கருவியாகத் தாங்கள் அங்கீகரிக்கவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-ல் வெளிப்படையாகவே அறிவித்தது. மருத்துவக் காப்பீட்டில் பணம் திரும்பக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் நம்பாதீர்கள்.

முழங்கால் வலி வேறு கதை. இரண்டு மாதமாக ஒரே இடத்தில் வலிக்கிறது என்றால் முதல் செலவு மருத்துவருக்கோ பிசியோதெரபிஸ்டுக்கோதான் போக வேண்டும். குளிர் வலியைக் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும், அந்தத் தைரியத்தில் இன்னும் ஓடிக் காலைக் கெடுத்துக்கொண்டால் அப்புறம் வரும் செலவுக்கு முன்னால் இந்த பேக்கேஜ் எல்லாம் ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குளிர் பட்டால் விரல் வெளுத்துப்போவது, தோல் தடிப்பது இதெல்லாம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள், இருந்தால் ஐஸ் தொட்டி கூட வேண்டாம்.

இனி உங்கள் பேக்கேஜ். 40 தடவைக்கு 45 சதவீதம் தள்ளுபடி போக 2,200 வருகிறது. தடவைக்கு 55 என்று அவர்கள் காட்டுவது நீங்கள் 40 தடவையும் போனால் மட்டும்தான். 22 தடவை போனால் தடவைக்கு 100, அதாவது தள்ளுபடியே இல்லாத விலை. நீங்கள் ஓடுவது வார இறுதியில், மாதத்தில் ஒரு வாரம் ஊரில் இல்லை, ஆக மாதத்துக்கு மூன்று தடவை, ஆறு மாதத்தில் 18. ஒன்று கூடத் தவறாமல் போனாலும் தடவைக்கு 122 ஆகிறது! பேக்கேஜே இல்லாமல் அவ்வப்போது காசு கொடுத்துப் போகிறவரை விட நீங்கள் அதிகம் கொடுக்கிறீர்கள். 40-ஐ முடிக்க வேண்டுமென்றால் ஓடாத நாளிலும் வேலை முடிந்து களைத்துப்போய் அங்கே போக வேண்டும், மூன்று நிமிடத்துக்காகப் போக வர ஒரு மணி நேரம் என்று.

நீங்கள் மட்டும்தான் இப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் என்று நினைக்காதீர்கள். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஜிம்மில் மாதச் சந்தா கட்டியவர்கள் உண்மையில் போன நாட்களை வைத்துப் பார்த்தால், பத்துத் தடவை அட்டை வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவை விட ஒரு வருகைக்குச் சுமார் 70 சதவீதம் அதிகம் கொடுத்திருந்தார்கள். பணம் கட்டும் நாளில் நமக்கு நம் மேல் இருக்கிற நம்பிக்கைக்குத்தான் இந்தத் தொழில்கள் விலை வைக்கின்றன.

வட்டியில்லா இ.எம்.ஐ. என்பதையும் பாருங்கள். மொத்தமாகக் கட்டுகிறவருக்கு 8 சதவீதம் குறைவு, தவணையில் கட்டுகிறவருக்கு அது கிடையாது. அப்படியென்றால் அந்த 8 சதவீதம்தான் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டு வட்டியாகப் போட்டால் அது கிட்டத்தட்ட 16 சதவீதம், இதற்கு மேல் பிராசசிங் கட்டணம் இருந்தால் இன்னும் ஏறும். மொத்தமாகவே கட்டிவிடலாமா என்றால் அதுவும் வேண்டாம், ஏனென்றால் மையம் நடுவில் மூடிவிட்டால் முன்கூட்டிக் கட்டியவர்கள் பொதுவாகப் பணம் திரும்ப வர வேண்டியவர்கள் வரிசையில் கடைசிப் பக்கம்தான் நிற்பார்கள். ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டி, மூன்றாவது மாதம் பூட்டின கதவுக்கு முன்னால் நின்ற அனுபவம் எனக்கே உண்டு. அந்தப் பணம் வரவே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இந்த இ.எம்.ஐ.க்கு மாதம் 183 கட்டத் தயாராக இருந்தீர்கள் இல்லையா, அதே 183-ஐ ஒதுக்குங்கள். முதல் மாதம் முழங்காலைக் காட்டுங்கள். அடுத்த மாதத்திலிருந்து, தண்ணீரில் இறங்க மருத்துவர் சரி என்றால், ஓடிய நாளில் ஐஸ் தொட்டிக்குப் போங்கள், மாதம் மூன்று தடவை, 60 ஆகும். மிச்சம் 123-ஐக் கார்டு பாக்கியில் கட்டுங்கள், பாக்கி தீர்ந்ததும் அதே தொகை அவசரச் சேமிப்புக்குப் போகட்டும். 18 தடவைக்கும் சேர்த்தே 360-தான், 2,200-ல் ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. மின்சார அறையையும் ஒரு தடவை பார்த்துவிட ஆசையென்றால் முதல் வருகைச் சலுகை விலையில் ஒரே ஒரு தடவை போய்விட்டு வாங்க.

வீட்டிலேயே தொட்டி வைத்துக்கொள்ளலாமே என்றும் தோன்றும். 28 டிகிரியில் இருக்கிற 200 லிட்டர் தண்ணீரை 12 டிகிரிக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட 35 கிலோ ஐஸ் வேண்டும், ஒவ்வொரு தடவையும். சில்லர் வைத்தால் அதே வேலைக்கு இரண்டு யூனிட் மின்சாரம் போதும், ஆனால் சில்லரின் விலை மாதம் மூன்று தடவைக்குக் கட்டுப்படியாகாது. பழைய ஃப்ரீசர் பெட்டியைத் தொட்டியாக மாற்றுகிற வேலையைச் செய்யவே செய்யாதீர்கள், மின்சாரம் தாக்கும் அபாயம் உண்டு.

கொடுத்த முன்பணத்துக்காக மீதியையும் கட்டிவிடலாம் என்ற நினைப்பு வரும், விட்டுவிடுங்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள், திருப்பித் தரப்படாது என்று அதில் அச்சாகியிருக்கிறதா? இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பேக்கேஜ் வேண்டாம், முன்பணத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று மெயிலில் எழுதுங்கள், போனில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். தர மறுத்தால் அந்தத் தொகைக்கு எத்தனை தனி வருகை வரும் என்று கேட்டு அதையாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு எண்ணைக் கொடுத்திருந்தால் தானியங்கிக் கழிப்புக்கு ஒப்புதல் எதுவும் போயிருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பார்த்து, இருந்தால் இன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள்.