5600ஜி-யோட 3050 போடலாமா?
ப்ரோ, கேமிங் பிசிக்கு 55,000 ரூபாய்க்குள்ள ரைசன் 5 5600ஜி ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 3050 6ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஒரே 16ஜிபி ராம் ஸ்டிக், ஆர்ஜிபி லைட் கேபினெட், அதோட வர்ற எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை)னு லிஸ்ட் போட்டிருக்கீங்க. தனி கிராபிக்ஸ் கார்டு போடப்போறீங்கன்னா, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்குற ‘ஜி’ எதுக்கு? அதுல எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்குற வேகமான மெமரி) 16 எம்பிதான், ‘ஜி’ இல்லாத வெறும் 5600-ல 32. கேம்ல வித்தியாசம் தெரியும்.

கார்டுக்கு ஆர்எக்ஸ் 6600 8ஜிபி சிக்குச்சுன்னா யோசிக்காம எடுங்க. 1080பி (ஃபுல் எச்டி) கேம்ல அந்த 3050-ஐ ஓரங்கட்டிடும். 132 வாட்தான், ஒரு 8 பின் வயர் போதும். ஆனா ஓசியில வர்ற எஸ்எம்பிஎஸ்ல பெரும்பாலும் அந்த வயரே இருக்காது! 550 வாட், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (Bronze, மின்சாரத்தை வீணாக்காததுக்கான தரச்சான்று) எஸ்எம்பிஎஸ் தனியா வாங்குங்க. இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ராம் ஒரே 16-க்குப் பதிலா 8+8-னு ரெண்டு ஸ்டிக். ராமுக்கு நாலு ஸ்லாட் இருக்குற மதர்போர்டுன்னா சிபியூ பக்கத்துலேருந்து 2-வது, 4-வதுல மாட்டுங்க. காசு இடிச்சா அந்த ஆர்ஜிபி கேபினெட்டைத் தூக்கிட்டு சாதாவா ஒண்ணு போடுங்க.