சின்ன மெயில் சர்வரில் ஸ்பாம் தடுப்பு: எல்லைப் பக்கத்துக் கேள்விகள்

இடுக்கி, பாலக்காடு, செங்கோட்டைப் பக்கம் சொந்தமாக மெயில் சர்வர் ஓட்டும் தமிழ் ஆட்கள் கேட்டவை இவை. ஏறக்குறைய எல்லாரிடமும் ஒரே அமைப்புதான்: வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சர்வர், அதில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துப் படிக்கத் தரும் டவ்காட்.

வண்டன்மேடு, ஏலக்காய் வியாபாரம்: அண்ணே, 2 ஜிபி ராம்தான் இருக்கிறது. ஸ்பாம் வடிகட்ட ஸ்பாம்அசாசினா, ஆர்ஸ்பாம்டியா?

புதிதாகப் போடுவதென்றால் ஆர்ஸ்பாம்டி. சி மொழியில் எழுதியது, வேகமாக ஓடும். பக்கத்தில் ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கு வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸுடன் மில்டர் (மெயில் வடிகட்டியை இணைக்கும் வழி) வழியாக, 11332 போர்ட்டில் இணையும். நீங்கள் அனுப்பும் மெயிலில் டிகேஐஎம் கையெழுத்தையும் (உங்கள் டொமைனிலிருந்து வந்ததுதான் என்று காட்டுவது) அதுவே போட்டுவிடும். ஸ்பாம்அசாசின் ஏற்கெனவே ஒழுங்காக ஓடுகிறது என்றால் அதைப் பிடுங்கிப்போட அவசியமில்லை.

கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பு மட்டும் இந்த ராமில் வேண்டாம். வைரஸ் பட்டியலை ஏற்றவே 1 ஜிபிக்கு மேல் தின்னும். இஎக்ஸ்இ, ஜேஎஸ், விபிஎஸ் இணைப்புகளை போஸ்ட்ஃபிக்ஸிலேயே மறுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

அவரே: ஒரு ஸ்பாம்கூட வரக்கூடாது. ஸ்பாம் என்று முடிவுகட்டும் ஸ்கோரை எவ்வளவு குறைக்கலாம்?

குறைத்தால் ஸ்பாம் வராது. புத்தடி ஏலக்காய் ஏலத்து மெயிலும் வராது, பரவாயில்லையா?

ஆர்ஸ்பாம்டி தானாக வைத்திருக்கும் அளவுகள்: 4 வந்தால் க்ரேலிஸ்ட் (இப்போது வாங்காமல் ‘அப்புறம் வா’ என்பது), 6 வந்தால் ஸ்பாம் என்று குறி, 15 வந்தால் மறுப்பு. ஸ்பாம்அசாசினில் 5 வந்தால் குறி. முதல் சில வாரம் இதைத் தொடாதீர்கள், லாகை மட்டும் பாருங்கள். குறி விழுந்ததை சீவ் விதி (டவ்காட்டில் மெயிலைப் பிரிக்கும் விதி) வைத்து ஜங்க் ஃபோல்டருக்குத் தள்ளினால் போதும்.

நான் கறாராகச் சொல்வது ஒன்றுதான்: மெயிலைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். மறுப்பதாக இருந்தால் எதிர் சர்வர் இணைப்பில் இருக்கும்போதே மறுக்க வேண்டும். அப்போதுதான் அனுப்பியவர் நிஜமான ஆளாக இருந்தால் அவருக்கு ‘போகவில்லை’ என்று தகவல் போகும். அவர் ஃபோன் போட்டுக் கேட்பார். வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் திருப்பி அனுப்பினால், ஸ்பாமர் போட்ட பொய் முகவரிக்காரர் தலையில் போய் விழும். அப்படிச் செய்யும் சர்வரே தடைப்பட்டியலில் ஏறிவிடும்.

கொழிஞ்சாம்பாறை: சார், ஸ்பாம் அனுப்பும் ஐபிக்களின் தடைப்பட்டியலான ஸ்பாம்ஹாஸைச் சேர்த்த நாள்முதல் எந்த மெயிலும் உள்ளே வரவில்லை!

டிஎன்எஸ்ஸுக்கு (பெயர், முகவரி தேடலுக்கு) கூகுளின் 8.8.8.8 போட்டிருக்கிறீர்களா? அந்த மாதிரிப் பொது ரிசால்வர் (தேடித் தரும் சர்வர்) வழியாக வரும் கேள்விகளுக்கு ஸ்பாம்ஹாஸ் பட்டியலைக் காட்டாது. 127.255.255.254 என்று ஒரு பிழைக்குறியைத் திருப்பும். என்ன பதில் வந்தாலும் ‘பட்டியலில் இருக்கிறது’ என்று உங்கள் சர்வர் எடுத்துக்கொண்டால், ஊரே ஸ்பாமர்தான்.

சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற ரிசால்வரை நிறுவி, வேறெங்கும் ஃபார்வர்ட் செய்யாமல் நேரடியாகத் தேட விடுங்கள். ரிசால்வர் முகவரி 127.0.0.1. போஸ்ட்ஃபிக்ஸிலும் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை வரும் பதிலை மட்டுமே ஏற்கும்படி எழுதுங்கள். சோதனைக்கு 127.0.0.2 என்ற முகவரியைத் தேடிப் பார்க்கலாம். அது எப்போதும் பட்டியலில் இருக்கும். இலவசச் சேவை குறைந்த அளவில், வணிகமில்லாமல் பயன்படுத்துவோருக்குத்தான். கடைக்கு என்றால் அவர்கள் விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

மூணாறு, எஸ்டேட் ஆபீஸ்: ஸ்பாம்அசாசின் வைத்திருக்கிறோம். மலையாளத்திலும் தமிழிலும் வருகிற மெயில்தான் அதிகம் ஜங்க்குக்குப் போகிறது.

யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதிய அமைப்பை அப்படியே நகலெடுத்திருப்பீர்கள். மொழியைக் கண்டுபிடிக்கும் டெக்ஸ்ட்கேட் செருகுநிரலை இயக்கி, ‘ஓகே லாங்குவேஜஸ்’ வரியில் ஆங்கிலம் மட்டும் என்று வைத்திருந்தால், மற்ற மொழி மெயிலுக்கெல்லாம் கூடுதல் ஸ்கோர் விழும். லண்டனில் இருப்பவருக்கு அது சரி. இங்கே காலையில் மலையாளத்தில் சுற்றறிக்கை, மத்தியானம் தமிழில் கணக்கு என்று வரும். அதை ‘ஆல்’ (all, எல்லாம்) என்று மாற்றுங்கள், ‘ஓகே லொகேல்ஸ்’ வரியையும் அப்படியே.

அப்புறம் பேயஸ் பயிற்சி, அதாவது எது ஸ்பாம், எது நல்லது என்று மாதிரி காட்டி வடிகட்டிக்குக் கற்றுக்கொடுப்பது. 200 ஸ்பாம், 200 நல்ல மெயில், இரண்டும் சேர்ந்த பிறகுதான் அது வாயே திறக்கும். எல்லாரும் ஸ்பாமை மட்டும் ஊட்டிவிட்டு விடுகிறார்கள். மலையாளம், தமிழ், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் எல்லாம் கலந்த நல்ல மெயிலையும் கொடுங்கள். டவ்காட்டில் ஐமேப்சீவ் (மெயிலை ஃபோல்டர் மாற்றும்போது வேலை செய்யும் விதி) வைத்துவிட்டால் ஜங்க்குக்கு நகர்த்தினால் ஸ்பாம், ஜங்க்கிலிருந்து எடுத்தால் நல்லது என்று அதுவே கற்றுக்கொள்ளும். ஆபீஸில் யாரையும் கட்டளை அடிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பம்: ஓடிபி மெயில் தாமதமாக வந்து காலாவதி ஆகிவிடுகிறது.

க்ரேலிஸ்ட் வேலை. தெரியாத சர்வரை ‘அப்புறம் வா’ என்று 4-இல் தொடங்கும் குறியோடு அனுப்பிவிடும், வழக்கமாக 5 நிமிடம். க்ரேலிஸ்ட்டுக்கென்றே உள்ள போஸ்ட்க்ரே எல்லாரையும் நிறுத்தும். ஆர்ஸ்பாம்டி சந்தேகப்பட்டதை மட்டும் நிறுத்தும். முன்னதை எடுத்துவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் வாசல் காவலான போஸ்ட்ஸ்க்ரீனை இயக்கினால் அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைக்கும்: வரவேற்பு வரி முழுதும் வருமுன்னே பேச ஆரம்பிக்கும் பாட்களை (தானியங்கி ஸ்பாம் நிரல்களை) 6 வினாடி காத்திருந்து பிடித்துவிடும். ஆழ்ந்த சோதனைகளை மட்டும் இயக்க வேண்டாம், அவை க்ரேலிஸ்ட் மாதிரியே தாமதம் செய்யும்.

செங்கோட்டை, லாரி புக்கிங்: நாங்கள் அனுப்புவதுதான் ஜிமெயிலில் ஸ்பாமுக்குப் போகிறது. சர்வர் ஆபீஸ் பிராட்பேண்டில் இருக்கிறது.

அங்கே வைத்து அனுப்ப முடியாது. மாறும் ஐபிக்கள் மொத்தமாகப் பட்டியலில் இருக்கும், பிடிஆர் பதிவும் (ஐபிக்கு எந்தப் பெயர் என்று சொல்வது) உங்கள் கையில் இல்லை. வாடகை சர்வருக்கு மாறுங்கள், அல்லது ஒரு ரிலே (உங்களுக்காக அனுப்பிவைக்கும் வேறொரு சர்வர்) வழியாக அனுப்புங்கள். எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்ற பதிவு), டிகேஐஎம், பிடிஆர் மூன்றையும் சரிசெய்துவிட்டு, டிமார்க்கை (இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) முதலில் ‘நன்’ (none, எதுவும் செய்ய வேண்டாம்) என்று வையுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறார்.

பாலக்காடு, பள்ளிக்கூடம்: ஆசிரியர்கள் மெயிலை எல்லாம் ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்கிறோம். தப்பா?

ஸ்பாமையும் சேர்த்து அனுப்பினால் தப்பு. ஜிமெயில் கண்ணுக்கு அதை அனுப்பியது உங்கள் சர்வர்தான். வடிகட்டிய பிறகே ஃபார்வர்ட் செய்யுங்கள், எஸ்ஆர்எஸ் (ஃபார்வர்ட் ஆகும் மெயிலின் அனுப்புநர் முகவரியை உங்கள் டொமைனுக்கு மாற்றி எழுதுவது) போடுங்கள். ஃபோனில் ஐமேப் கணக்காகவே (மெயிலை உங்கள் சர்வரிலிருந்தே படிக்கும்படி) சேர்த்துக் கொடுத்தால் இந்தச் சிக்கலே கிடையாது.

வண்டன்மேட்டுக்காரர் மறுபடி: எல்லாம் போட்டாச்சு. வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்க்க?

ஜிடியூப் என்று ஒரு சோதனை வரி இருக்கிறது, ஸ்பாம்அசாசின் பக்கத்தில் கிடைக்கும். அதை வெளிக் கணக்கு ஒன்றிலிருந்து உங்களுக்கே அனுப்புங்கள். சாதாரண மெயில் போல இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்தால் மில்டர் வரியைத் திரும்பப் பாருங்கள்.