எடைமேடையில் ஏறாத நட்சத்திரம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரக் கட்டுரையில் 61 சிக்னி என்ற மங்கலான நட்சத்திரத்தைப் பற்றிப் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். சூரியனின் எடையில் 0.7 பங்கு, குறுக்களவில் மூன்றில் இரண்டு பங்கு, வெப்பம் நாலாயிரத்துச் சொச்சம் கெல்வின் என்று. நான் முப்பது வருடம் லாரி எடைமேடையில் சீட்டு எழுதியவன். வண்டி மேடையில் ஏறாமல் சீட்டுக் கிடையாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் பாதி நாள் தெரியாத ஒரு புள்ளிக்கு எடை, அளவு எல்லாம் எழுதிக் கொடுக்கிறீர்களே, இது எந்த ஊர்க் கணக்கு? அதை நான் பார்க்கவாவது முடியுமா?

க.

அன்புள்ள க. ஐயா,

நல்ல குட்டு, வாங்கிக்கொள்கிறேன். யாரோ தராசில் தூக்கி வைத்துப் பார்த்ததுபோல அந்த எண்களை அடுக்கிவிட்டேன். அவை எல்லாம் ஒரே ஆணியில் தொங்குகின்றன. அந்த ஆணி தூரம்.

இருட்டில் தெரியும் ஒரு வெளிச்சம் பக்கத்து வீட்டு அகல்விளக்கா, அடுத்த ஊர்க் கோபுர விளக்கா என்பது தூரம் தெரியாமல் பிடிபடாது. 61 சிக்னியை எல்லோரும் கவனித்ததற்குக் காரணம் அதன் ஓட்டம். பலெர்மோவில் வான் ஆய்வு செய்த பியாஸி, பின்னணி நட்சத்திரங்களிடையே அது நகர்வதைக் கண்டார். ‘பறக்கும் நட்சத்திரம்’ என்று பெயரே வந்துவிட்டது. பறப்பதென்றால், ஆண்டுக்கு ஐந்து விகலைக்குச் சற்று மேல். ஒரு பாகையை 3,600 கூறு போட்டால் ஒரு கூறு ஒரு விகலை. முழு நிலவின் அகலத்தைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 350 ஆண்டு வேண்டும். வானத்தில் இதற்குப் பெயர் பறப்பதுதான்! ரயில் ஜன்னலில் பக்கத்துக் கம்பம் விரைந்து ஓடுகிறது, தூரத்து மலை நிற்கிறது. ஆகவே வேகமாக நகர்வது பக்கத்தில் இருக்கலாம் என்று ஜெர்மன் வானியலாளர் பெசல் அதன்மேல் பந்தயம் கட்டினார்.

பெசல் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதப் போனவர். நீங்கள் ரசிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். கோனிக்ஸ்பர்க் வானாய்வகத்தில் அவரிடம் ஃபிரௌன்ஹோஃபர் பட்டறையில் செய்த ஒரு தொலைநோக்கி இருந்தது. அதன் கண்ணாடி வில்லையை நடுவில் இரண்டாக அறுத்திருந்தார்கள். ஒவ்வொரு பாதியும் தனித்தனி பிம்பம் காட்டும். திருகைத் திருப்பிப் பாதிகளை நகர்த்தி, ஒன்றில் தெரியும் 61 சிக்னியை மற்றதில் தெரியும் பின்னணி நட்சத்திரத்தோடு சேர்க்க வேண்டும். எத்தனை சுற்று திருப்பினோம் என்பதே கோணம். பூமி சூரியனைச் சுற்றி வரும்போது நட்சத்திரம் ஆண்டுக்கொரு முறை இப்படியும் அப்படியும் ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடியது. நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு 0.31 விகலை. பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் ஒரு ரூபாய் நாணயத்தைத் தூக்கிப் பிடித்தால் அது உங்கள் கண்ணுக்கு எவ்வளவு அகலமோ, அவ்வளவு. 1838இல் வெளியிட்டார். சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்தின் தூரத்தை மனிதர் நம்பத்தக்க விதத்தில் அறிவித்தது அதுவே முதல் முறை. அவர் சொன்னது 10.3 ஒளியாண்டு, இன்றைய கணக்கு 11.4. பள்ளியில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்ததே, அந்தப் ‘பிழை’தான் இங்கே அளவுகோல்: ஆட்டம் எவ்வளவு சிறிதோ, தூரம் அவ்வளவு அதிகம்.

தூரம் கிடைத்ததும் வெளிச்சம் எளிது. சூரியனைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் அதன் ஒளித்தரம் 2.5 இருக்கும், துருவ நட்சத்திரத்தைவிடக் கொஞ்சம் மங்கல். 61 சிக்னியின் பெரிய பாதியான ‘ஏ’ 5.2தான். ‘பாதி’ என்கிறேன், ஏனென்றால் அது இரட்டை. ‘பி’ இன்னும் மங்கல், 6 சொச்சம். (ஒளித்தரத்தில் எண் கூடினால் வெளிச்சம் குறைவு. இந்தத் தலைகீழ் வழக்கத்தை யாரும் மாற்றுவதாக இல்லை.) இதன்படி ‘ஏ’யின் வெளிச்சம் சூரியனில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆனால் அதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். அதன் நிறம் ஆரஞ்சு. நிறமாலையைப் பிரித்தால் மேற்பரப்பு வெப்பம் 4,400 முதல் 4,500 கெல்வின் என்று தெரிகிறது. சூரியனில் அது 5,772. குளிர்ந்த நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் நிறையக் கொட்டுகிறது. அதையும் சேர்த்தால் பங்கு ஆறில் ஒன்றுக்கும் ஏழில் ஒன்றுக்கும் இடையில் வருகிறது.

வெப்பமும் மொத்த வெளிச்சமும் தெரிந்தால் பரப்பு வந்துவிடும், பரப்பிலிருந்து குறுக்களவு. இதை நேராகவும் சரிபார்த்திருக்கிறார்கள்: அமெரிக்காவின் வில்சன் மலையில் உள்ள சாரா தொலைநோக்கி வரிசையின் ஒளியை ஒன்றிணைத்து வட்டின் அகலத்தையே அளந்தார்கள். 2008இல் வெளியான முடிவு, ‘ஏ’ சூரியனில் 0.665, ‘பி’ 0.595.

எடைக்கு வருவோம். உங்கள் மேடையில் முதலில் மொத்த எடை, பிறகு காலி எடை, கழித்தால் சரக்கு. இங்கேயும் முதலில் மொத்தம்தான். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 660 ஆண்டு. சராசரி இடைவெளி பூமி–சூரியன் தூரத்தைப்போல் 84 மடங்கு. 84ஐ மும்முறை பெருக்கி (84×84×84), 660இன் வர்க்கத்தால் வகுங்கள். 1.36 வரும். இருவரும் சேர்ந்து அத்தனை சூரியன். யாருக்கு எவ்வளவு என்பதைக் காவடி சொல்லும்: கனமான பக்கம் தோளுக்கு அருகில் இருக்கும். பொது மையத்திலிருந்து எது எவ்வளவு தள்ளிச் சுற்றுகிறது என்று பார்த்துப் பிரித்தால் ‘ஏ’ 0.7ஐ ஒட்டியும் ‘பி’ 0.6ஐ ஒட்டியும் வருகின்றன.

இங்கே என் சீட்டில் ஒரு குறிப்பு விடுபட்டுவிட்டது. இந்த இரட்டையைப் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்துதான் கவனிக்கிறோம், ஒரு முழுச் சுற்றை எவரும் பார்த்து முடிக்கவில்லை. கிடைத்த வில்லிலிருந்து மீதி வட்டத்தை வரைகிறோம். அதோடு தூரம் மும்முறை பெருகுவதால், பெசலின் பத்து சதவீதப் பிழையோடு எடை போட்டிருந்தால் கால் பங்கு குறைந்திருக்கும். மெல்லிய ஆட்டங்களை நம்பிச் சறுக்கியவர்களும் உண்டு. 1942இல் ஸ்ட்ராண்ட் என்பவர் இந்த இணையில் ஒரு தடுமாற்றம் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார். பின்வந்த அளவீடுகளில் அது நிற்கவில்லை. ஆகவே 0.7 என்பதை ‘சுமார்’ என்ற சொல்லோடு திருத்திப் படியுங்கள்.

பார்க்க முடியுமா என்றீர்கள். அக்டோபர் தொடக்கத்தில், இரவு எட்டு மணிக்கு, நிலவு இல்லாத நாளாக, தெருவிளக்குக்கு அப்பால் போய் வடக்கே திரும்பி நன்றாக அண்ணாந்து பாருங்கள். சிலுவைபோல் கிடப்பது சிக்னஸ் என்ற நட்சத்திரக் கூட்டம். அதன் தலைப்பக்கப் பிரகாசம் டெனெப், சிலுவையின் நடுவில் சாதர், கிழக்குக் கையில் எப்சிலான். இந்த மூன்றோடு நான்காவது மூலை சேர்த்து ஓர் இணைகரம் போட்டால், அந்த மூலையில் இருப்பது நம் ஆள். ஊருக்குள் தேடினால் கழுத்து வலிதான் மிஞ்சும். நான் ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு களத்துமேட்டில் நின்று பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு ஒரு தூசு. கையடக்கத் தொலைநோக்கியைத் தாங்கியில் பொருத்தியதும் ஊதிவிட்ட இரண்டு பீடித் தணல்போல அருகருகே, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் சிவந்து, தெரிந்தன.